புகையிலைக்காரி தாவும் இடம்

எங்கள் பெத்ரிகோ ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் நான்கு பெருமை பேசுவோம். ஒலிவ எண்ணெய் எங்களுடையதுதான் தீவிலேயே உசத்தி. ஊஸோ சாராயம் எங்களுடையதுதான் தலைவலி தராதது. எங்கள் மாதா கோயில் மணிதான் எதிர்க்கரைத் துருக்கி வரைக்கும் கேட்பது. இந்த மூன்றையும் கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவின் எல்லா ஊர்க்காரனும் தன் ஊரைப் பற்றிச் சொல்வான் என்பதால் அந்தச் சண்டை எப்போதும் சமமாகவே முடிந்துவிடும். நான்காவது பெருமைக்குத்தான் நாங்கள் உயிரை விடுவோம். 'புகையிலைக்காரி' என்ற மெட்டு எங்களுடையது.

அந்த மெட்டு கால் வைக்காத இடமில்லை. கெய்ரோவில் இடுப்பாட்டக்காரிகள் அதற்குக் குலுங்கினார்கள். அமெரிக்காவில் கடலலையில் பலகை போட்டுச் சறுக்கும் பையன்கள் மின்சாரக் கிதாரில் அதை வாலில் தகரம் கட்டிய பூனை மாதிரி ஓட விட்டார்கள். யூதர் கல்யாணங்களில் அது கிளாரினெட்டில் அழுதது. ஜாஸ்காரர்களின் டிரம்பெட்டில் ஏப்பம் விட்டது. ஜெர்மன் தொலைக்காட்சியில் சலவைத்தூள் விற்றது. ஒருத்தன் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அதன்மேல் நின்றுகொண்டு யாரையோ திட்டித் தீர்த்தான், அதுவும் பாட்டாம். சனிக்கிழமைகளில் எதிர்க்கரை ஐவாலியிலிருந்து படகில் வரும் துருக்கியர்கள் எங்கள் மத்தி மீனைத் தின்றுகொண்டே, "இது எங்க தாத்தா மெட்டு" என்பார்கள். மீனுக்குக் காசு கொடுக்கிறார்களே என்று நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

ஏனென்றால் எங்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மெட்டைத் திருடியவர்கள் யாருக்கும் அந்தத் தாவல் வரவில்லை.

பின்பாதியில் ஓரிடத்தில் ஒரு தாளம் காணாமல் போகும். கைகோத்து வட்டமாக ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் இடதுகாலால் ஒரு தாவு தாவினால்தான் அடுத்த அடி சரியாக விழும். தாவாதவன் விழுவான், பக்கத்தில் இருப்பவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவான். வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு நாங்கள் இப்படித்தான் பரீட்சை வைப்போம். அந்தத் தாவல் எதற்கு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் அது பண்டைய வீரர்களின் ஈட்டி நடனம் என்பார். பாதிரியார் சாத்தானின் தலையை மிதிப்பது என்பார். எதிர்க்கரை ஆசியா மைனரிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், எரிகிற துறைமுகத்திலிருந்து படகுக்குத் தாவிய தாவல் அது என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். ஏதென்ஸிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் மூன்றையும் எழுதிக்கொண்டு, மூன்றும் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு பாட்டில் எண்ணெயோடு போனார்.

இந்தப் பெருமைக்கெல்லாம் வாரிசு இக்னாதிஸ். வயது அறுபதைத் தொட்டுவிட்டது, தொழில் குழாய் ரிப்பேர். திருவிழாவிலும் கல்யாணத்திலும் வயலின். அவருடைய தாத்தா பெயரும் இக்னாதிஸ்தான். எங்கள் வழக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத் தவிர வேறு பெயர் கிடைக்காது. ஊரில் முதன்முதலாகப் புகையிலைக்காரியை வாசித்தவர் அந்தத் தாத்தா. 'வாசித்தார்' என்பது வருஷங்கள் போகப் போக 'இயற்றினார்' என்று ஆகிவிட்டது. எப்போது ஆனது என்று யாருக்கும் நினைவில்லை. பேரன் மறுக்கவும் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் எவன் அதை எடுத்து வெளியே வைப்பான்?

அந்த ஆகஸ்டில் ஊர்த் தலைவர் தூகாஸ் சதுக்கத்தில் தாத்தாவுக்குப் பளிங்குச் சிலை வைக்க ஏற்பாடு செய்தார். பக்கத்து ஊரில் ஒரு கப்பல் தலைவனுக்குச் சிலை இருந்தது, எங்களுக்குப் புறாக்கள் உட்காரக்கூட ஒரு தலை இல்லை. சிக்கல் என்னவென்றால் தாத்தாவின் முகம் தெரியும் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருந்த ஒரே கல்யாணப் படத்தில் யாரோ ஒருத்தியின் தொப்பி அவர் மூக்குவரை மறைத்திருந்தது. சிற்பி பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார், மூக்கை அளந்தார், மீசை மட்டும் சேர்த்தார்.

"ஏ மனுஷா, உன் பேரு, உன் மூக்கு, உன் தொங்கின காது," என்றாள் அவர் மனைவி ரொதாந்தி. "உயிரோட இருக்கும்போதே தனக்குச் சிலை வச்சுக்கிட்ட முதல் குழாய்க்காரன் நீதான்."

"எங்க தாத்தாவுக்கும் இதே மூக்குதான்டி."

"நீ பாத்தியா? நீ பிறக்கறதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் போய்ட்டாரு."

இக்னாதிஸ் எழுந்து உள்ளே போனார். குளியலறைக் கண்ணாடி முன் மீசை இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டது உண்மை.

சிலை திறப்பு மாதா திருநாளன்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் டெட்ராய்ட்டிலிருந்து எவ்ரிதிகி வந்து இறங்கினாள். இக்னாதிஸின் இரண்டுவிட்ட அக்கா. தாத்தாவின் அண்ணன் ஸ்திராதிஸ் இளவயதில் அமெரிக்கா போய்த் திரும்பியே வராதவர், அவருடைய பேத்தி. எழுபது தாண்டியும் ராணுவத்தில் இருந்தவள் மாதிரி நடப்பாள், குரலும் அப்படித்தான். துறைமுகத்தில் பெட்டிகளைச் சுமைதூக்கும் பையன்களிடம் எறிந்துவிட்டு, கம்பளியில் சுற்றிய ஒரு தட்டையான பொட்டலத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கூடவே கையால் முடுக்கும் ஒரு கிராமஃபோன் பெட்டி.

"தலைவர்கிட்ட சொல்லிட்டேன்டா தம்பி," என்றாள் உட்காரும்முன்பே. "சிலை திறக்கும்போது என் தாத்தா வாசிச்ச ரெக்கார்டு ஓடும். ஊரே ஆடும். பெட்டியையும் ரெக்கார்டையும் ஊருக்கே குடுத்துடறேன். ரொதாந்தி, காப்பியில சர்க்கரை வேண்டாம்."

"ஸ்திராதிஸ் தாத்தா புகையிலைக்காரியை ரெக்கார்டு போட்டாரா!" இக்னாதிஸுக்குப் பூரிப்பில் மூச்சு முட்டியது. தம்பி இயற்றினார், அண்ணன் கடல் கடந்து பரப்பினார். சிலைக்குக் கீழே இன்னொரு வரிகூடச் சேர்க்கலாம்.

எவ்ரிதிகி முடுக்கினாள், ஊசியை வைத்தாள். முற்றத்தில் வயலின் கிளம்பியது. இக்னாதிஸ் காப்பிக் கோப்பையோடு எழுந்து, கண்ணை மூடி, அடி எடுத்து வைத்தார். பின்பாதி வந்தது. அந்த இடம் வந்தது. இடதுகாலால் தாவினார்.

மெட்டு தாவவில்லை. சீராக, ஒரு தாளமும் குறையாமல், கெய்ரோக்காரியும் ஜெர்மன் சலவைத்தூளும் போகிற அதே வழியில் போனது. இக்னாதிஸின் கால் ஓரிடத்திலும் தாளம் வேறிடத்திலும் விழ, காப்பி முழுவதும் ரொதாந்தியின் பாவாடையில் விழுந்தது. அவர் பாய்ந்து ஊசியைத் தூக்கினார்.

"தாவல் எங்கக்கா?"

"என்ன தாவல்? முழுசா கேளுடா, கடைசியில..."

"தாவல் எங்கன்னு கேக்கறேன்! தாத்தா போட்ட மெட்டுல தாவல் உண்டு."

"எந்தத் தாத்தா போட்டாரு?" எவ்ரிதிகி உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? இதை என் தாத்தா டெட்ராய்ட்டு காப்பிக்கடையில ஒரு ஆர்மீனியன்கிட்ட கத்துக்கிட்டாரு. ஆர்மீனியன் அதை எகிப்துப் படகுக்காரன் ஒருத்தன்கிட்ட கேட்டானாம். படகுக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? அலெக்சாந்திரியாவுல ஒரு கிரேக்க நாவிதன் முனகிக்கிட்டே சவரம் பண்ணினானாம், அவன்கிட்ட எடுத்ததாம். அந்த நாவிதன் எவன்கிட்ட கேட்டானோ! தாத்தா ரெக்கார்டு போட்டு, ஒரு கிராமஃபோன் பெட்டியோட உன் தாத்தாவுக்கு அனுப்பினாரு. 'தம்பி, இதைக் கத்துக்கோ, கல்யாணத்துல எடுபடும்'னு."

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை முற்றத்து மூலைக்குப் போனது. அங்கே ரொதாந்தியின் ஜெரேனியம் தொட்டி. தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடியாமல் இருக்க ஒரு கறுப்புத் தட்டு.

"அடிப்பாவி!" எவ்ரிதிகி எழுந்துவிட்டாள். "என் தாத்தா ரெக்கார்டு மேல பூச்செடியா வச்சிருக்க?"

"எனக்கென்னக்கா தெரியும்," என்றாள் ரொதாந்தி. "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே மாமியார் அதுமேலதான் செடி வச்சிருந்தாங்க. பெட்டியைப் பஞ்ச காலத்துல எண்ணெய்க்கு வித்துட்டாங்களாம், தட்டு மட்டும் மிஞ்சிச்சாம்."

கழுவித் துடைத்துக் கிராமஃபோனில் வைத்தார்கள். மண்ணரைக்கிற சத்தத்துக்கு நடுவே அதே வயலின். பின்பாதி வந்தது. அந்த இடத்தில் ஊசி ஒரு துள்ளுத் துள்ளி, ஒரு தாளத்தை விழுங்கி, அடுத்ததில் போய் விழுந்தது.

பண்டைய வீரர்களின் ஈட்டி, சாத்தானின் தலை, எரிகிற துறைமுகம் எல்லாம் அந்தத் துள்ளலில் அடங்கிவிட்டன. தாத்தா தேய்ந்துபோன தட்டைக் கேட்டுக் கேட்டு, பழுதையும் பாடமாக்கி, ஊருக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூன்று தலைமுறையாக நாங்கள் ஒரு சொத்தைத் தட்டுக்குத் தாவிக்கொண்டிருக்கிறோம். இக்னாதிஸ் இந்த முறையும் ஊசியைத் தூக்கிவிட்டார். மேலே கேட்க அவருக்குத் தெம்பில்லை.

"அக்கா, இதை சதுக்கத்துல போடாதீங்க."

"ஏன்?"

"சிலை வச்சுட்டாங்க அக்கா. இயற்றியவர்னு பளிங்குல வெட்டிட்டாங்க. எனக்கே மீசை ஒட்டி வச்சிருக்காங்க!"

"அதுக்கு? என் தாத்தா சத்தம் அவர் பிறந்த ஊர்ல ஒரு தடவை கேக்கணும். அதுக்குத்தான் கடல் தாண்டி வந்தேன். சிலைய என்ன வேணா பண்ணிக்க."

எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். திருட்டை மன்னிப்போம், குடியை மன்னிப்போம், வரி கட்டாததைக் கைதட்டி வரவேற்போம். அசட்டுத்தனத்தை மட்டும் விட மாட்டோம். கார்னிவல் வந்தால் வருஷத்தின் பெரிய அசட்டுக்கு உருவம் செய்து, வண்டியில் ஏற்றி, கெட்ட வார்த்தையில் பாட்டுக்கட்டி ஊரைச் சுற்றி வருவோம். ஒருமுறை வண்டியில் ஏறியவனின் பேரப்பிள்ளைக்குப் பெண் கேட்கும்போதுகூட அந்தப் பாட்டைத்தான் முதலில் பாடிக் காட்டுவார்கள். இக்னாதிஸுக்கு வண்டியின் சக்கரச் சத்தமே கேட்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம், பூனைகள்கூடத் தூங்கும் வேளை. எவ்ரிதிகி உள்ளறையில் குறட்டை விட்டாள். இக்னாதிஸ் கம்பளியைப் பிரித்து அமெரிக்கத் தட்டை எடுத்தார். பக்கத்தில் பழைய தட்டை வைத்து, பழுது மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று குழாய் அளக்கும் கோலால் அளந்தார். பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார்.

யோசனை எளியது. இந்தத் தட்டிலும் அதே இடத்தில் ஒரு கீறல் விழுந்தால், இதுவும் தாவும். இதுவும் தாவினால் தாத்தாவின் மெட்டைத்தான் அண்ணன் வாசித்தார் என்று ஊர் சொல்லும். குழாயில் ஒரு ஓட்டை போடுகிற மாதிரிதான். ஆணி முனையைத் தட்டில் வைத்தார். நாற்பது வருஷத் தொழிலில் ஆணி பிடித்துப் பழகிய கைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

"என்ன பண்ற?" வாசலில் ரொதாந்தி.

"தூசி தட்டறேன்."

"ஆணியாலயா?" அவள் தட்டைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "குடும்பத்துல ஒரு சிலைதான்னு நினைச்சேன். இன்னொன்னும் வேணும் போல, இந்த அறிவுக்கு." சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அவள் கத்தித் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திருநாளன்று சதுக்கம் நிரம்பி வழிந்தது. அண்டாக்களில் காளைக்கறியும் கோதுமையும் குழைந்துகொண்டிருந்தன. ஐவாலிக்காரர்கள் இரண்டு படகு வந்திருந்தார்கள். சிலைமேல் வெள்ளைத் துணி. மூக்கு மட்டும் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தலைவர் தூகாஸ் ஒலிபெருக்கியில், உலகம் திருடிய மெட்டு இன்று தாய்வீடு திரும்புகிறது என்று பேசி முடித்து, கைக்குட்டையை உருவிக்கொண்டு ஆட்டத்துக்குத் தலைமை தாங்க இறங்கினார். கிராமஃபோனின் வாய்க்குப் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்தார்கள். ஊரே கைகோத்தது.

இக்னாதிஸ் வாத்தியக்காரர்களின் மேடையில், சந்தூர் வாசிக்கும் திராசோஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் முப்பது வருஷமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள், ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள்.

"வேர்க்குதா?" என்றார் திராசோஸ். "சிலைக்குக்கூட வேர்க்கல, உனக்கு வேர்க்குது."

எவ்ரிதிகி ஊசியை வைத்தாள். வயலின் சதுக்கத்தின் மேல் எழுந்தது. வட்டம் நகர்ந்தது. முன்பாதி அருமையாகப் போனது. பின்பாதி வந்தது, அந்த இடம் வந்தது, ஊரே இடதுகாலைத் தூக்கித் தாவியது.

ஊசியும் தாவியது. ஆனால் முன்னால் தாவவில்லை, பின்னால் தாவியது.

வட்டம் ஒரு தடவை தாவிவிட்டு அடுத்த அடிக்குக் காலை நீட்டினால், மறுபடியும் அதே இடம் வந்தது. மறுபடியும் தாவினார்கள். மறுபடியும் அதே இடம். எங்கள் வழக்கத்தில் தலைமை தாங்குபவன் மெட்டு முடியுமுன் வட்டத்தை விட்டால் அது அவன் வீட்டுக்கே அவமானம். அவன் விடாமல் மற்றவர்கள் விட முடியாது. தூகாஸ் வழுக்கைத் தலையெல்லாம் வியர்வையோடு தாவிக்கொண்டே இருந்தார். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவினார். ஐவாலிக்காரர்கள் இதுதான் முறை போலிருக்கிறது என்று மரியாதையாகத் தாவினார்கள்.

"இது என்னய்யா, ஆட்டமா, தண்டனையா?" என்று வட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வாயை மூடித் தாவு!" என்றார் தலைவர்.

கடைசியில் கிராமஃபோனின் முடுக்கம் இறங்க ஆரம்பித்தது. வயலின் சோம்பல் முறித்தது, இழுத்தது, எருமை மாதிரி முனகியது. வட்டமும் கூடவே மெதுவாகி, தாவல் வெறும் கால்தூக்கலாகி, கடைசியில் ஊர் முழுக்க இடதுகாலைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றது.

 எவ்ரிதிகி தட்டை எடுத்து வெயிலில் சாய்த்தாள். கட்டை விரலால் கீறலைத் தடவினாள். அவள் திட்டுவாள் என்றுதான் இக்னாதிஸ் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். ராணுவக்காரி மாதிரி நடக்கிறவளின் உதடு சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கியது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தாத்தா வரவே இல்லையே," என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். ஒலிவாங்கி பக்கத்திலிருந்ததால் ஊருக்கே கேட்டது. "அவர் சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நின்னு போச்சே. யாருடா இதைக் கீறினது?"

இக்னாதிஸ் எழுந்து நின்றார். வயலின் மடியிலிருந்து விழப் பார்த்தது, திராசோஸ் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் அக்கா. ஆணியால."

"எதுக்கு?"

"தாவ வைக்கலாம்னு." சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்பது அவருக்கே கேட்டது. "இது எங்க தாத்தா போட்ட மெட்டு இல்லை. இவங்க தாத்தா அனுப்பின ரெக்கார்டு. எங்க வீட்டுத் தட்டுல ஒரு பழுது இருந்துச்சு, ஊசி துள்ளுச்சு. அதான் நம்ம தாவல். இவ்வளவுதான். சிலையை எடுத்துடுங்க தலைவரே."

ஊர் தூக்கிய காலை இறக்கியது. பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அண்டா மூடிகள் அதிர்ந்தன. வாத்தியார் மட்டும் ஈட்டி, ஈட்டி என்று முனகிக்கொண்டிருந்தார். "நாங்க அப்பவே சொன்னோம்ல, எங்க தாத்தா மெட்டுன்னு!" என்றான் ஒரு ஐவாலிக்காரன். இக்னாதிஸ் கார்னிவல் வண்டியில் ஏறிவிட்டார் என்பது எல்லோருக்கும் அங்கேயே தெரிந்துவிட்டது.

எவ்ரிதிகி சிரிக்கவில்லை. பெட்டியை மறுபடி முடுக்கினாள். கீறலைத் தாண்டி, விரல்நுனியால் ஊசியைப் பிடித்து, மெல்ல இறக்கினாள்.

"சும்மா இருங்க எல்லாரும். கேளுங்க."

வயலின் நான்கு தாளம் ஓடியது. அப்புறம், அதன் மேலேயே, தொண்டை கட்டிய ஓர் ஆண்குரல் கூவியது. எங்கள் வாத்தியக்காரர்கள் ரெக்கார்டு போடும்போது பக்கத்தில் வாசிப்பவனை வாழ்த்திப் பெயர் சொல்லிக் கூவுவது வழக்கம்தான். ஆனால் இவர் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடவில்லை.

"வாழ்க நீ, இக்னாதி! கேக்குதாடா தம்பி?"

பெத்ரிகோவின் சொந்த உச்சரிப்பு, வார்த்தையின் வாலை விழுங்கும் எங்கள் உச்சரிப்பு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பழைய தட்டை நேத்து நான் நல்லா பாத்தேன்," என்றாள் எவ்ரிதிகி. "அதுல இருக்கறது கீறல் இல்லடா முட்டாள். குழி. ஊசி விழுந்து விழுந்து ஆன குழி. சரியா இந்தச் சத்தத்துக்கு முன்னாடி. உன் தாத்தா மெட்டுக்காக ஒண்ணும் அதைப் போட்டுப் போட்டுக் கேக்கல. மெட்டு எப்பவோ பாடமாகியிருக்கும், குழி விழ விழத் துள்ளலும் கையில ஒட்டியிருக்கும். ஊசியைத் தூக்கித் தூக்கி இங்கேயே வச்சிருக்காரு. அண்ணன் கூப்பிடறதைக் கேக்க."

ரொதாந்தி தலைத்துணியால் மூக்கைச் சிந்தினாள். இக்னாதிஸ் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தாத்தாவின் முகம் தெரியாது. ஆனால் முற்றத்தில் தனியாக, முழங்காலில் கையூன்றி, ஒரு கறுப்புத் தட்டின் மேல் குனிந்திருக்கும் முதுகு தெரிந்தது. இரண்டு முறை அந்த ஊசியைத் தூக்கினேனே, இரண்டு முறையும் இதற்கு ஒரு மூச்சு முன்னால் தூக்கினேனே என்று நினைத்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதார்.

சிலையை எடுக்கவில்லை. அது கனம், கொண்டுவந்த வண்டியும் போய்விட்டது. தலைவர் துணியை இழுத்தார். மீசை வைத்த இக்னாதிஸ் மீசை இல்லாத இக்னாதிஸைப் பார்த்தார். "ஆணியையும் கையில குடுத்திருக்கலாம்," என்றார் திராசோஸ். மறுவாரம் கொத்தனார் வந்து 'மெட்டை இயற்றியவர்' என்ற வரியைச் செதுக்கி எடுத்துவிட்டார். பெயர் மட்டும் மிச்சம்.

கார்னிவலில் நாங்கள் கடமை தவறவில்லை. வண்டிச் சக்கரம் அளவு ஒரு கறுப்புத் தட்டு, அதன் நடுவில் ஆணி பிடித்த குழாய்க்காரன். பாட்டை இங்கே எழுத முடியாது. திராசோஸ்தான் கட்டினார், மனிதரின் உள்ளத்திலிருந்து வந்த ஒரே பாட்டு அதுதான்.

ஆனால் அடுத்த ஆகஸ்டில் ஒன்று நடந்தது. எவ்ரிதிகி மறுபடி வந்திருந்தாள். புகையிலைக்காரி ஆடும்போது ஊர் இளவட்டங்கள் தாவும் இடத்தில் ஒரு தடவையோடு நிற்கவில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தாவினார்கள், தலைமை தாங்குபவர் கைக்குட்டையை உயர்த்தும் வரைக்கும். முதலில் கேலிக்குத்தான் செய்தார்கள். திருநாள் வருவதற்குள் அது முறையாகிவிட்டது. அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: 'இக்னாதிஸ்'. போகட்டும், கடைசியில் அவரும் ஒன்றை இயற்றிவிட்டார், வயலினால் இல்லை, ஆணியால்.

சதுக்கத்தில் அன்று தலைமை எவ்ரிதிகி. மேடையில் இக்னாதிஸ் வாசித்தார். அந்த இடம் வந்தது, ஊர் தாவியது, அவர் அதே நான்கு தாளத்தைத் திருப்பி வாசித்தார். மறுபடி திருப்பினார். கைக்குட்டை அவள் இடுப்பிலேயே செருகியிருந்தது. மறுபடி. மணிக்கட்டு எரிந்தது. வில்லிலிருந்து குதிரைமயிர் இரண்டு அறுந்து தொங்கின.

"கை வலிக்குதா தம்பி?" என்று வட்டத்திலிருந்து கத்தினாள் எவ்ரிதிகி, தாவிக்கொண்டே.

"வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும். இன்னொரு சுத்து!"

ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார், சிரித்ததில் வில் தடுமாறி ஒரு புதுச் சுரம் விழுந்தது. அடுத்த வருஷம் அதையும் எவனாவது பிடித்துக்கொள்வான். ஒருவழியாக அவள் கைக்குட்டையை உருவி உயர்த்தினாள். இக்னாதிஸ் மெட்டை முன்னால் விட்டார். நான்கு தாளம் போனதும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், வட்டம் முழுவதும் ஒரே குரலில் கூவியது.

"வாழ்க நீ, இக்னாதி! கேக்குதாடா தம்பி?"

அது தாத்தாவுக்கா, தனக்கா, பளிங்கில் இருப்பவனுக்கா என்று அவர் யோசிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தாமல், மூவருக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார்.

"கேக்குது அண்ணே!"